ஆளில்லாத வாக்கியங்களும் அக்காவின் கைநாட்டும்

1

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் மீனு வாட்ஸ்அப் வீடியோவில் தன் பெரியம்மையிடம், "பெரியம்மை, இங்க அது மழை பெய்யுது" என்றாள்.

குலசேகரத்தில் இருந்த என் அக்கா பிரேமா கொஞ்சம் யோசித்தாள். "எது மோளே மழை பெய்யுது?"

"அது."

"எதுன்னுதான் கேக்கேன்."

"அதுதான் பெரியம்மை, அது!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், மீனுவின் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்க்காமல், பொதுவாகக் காற்றிடம் சொன்னாள்: "பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் குடுக்காத வீடுகளும் உண்டு."

வீடு என்றுதான் சொன்னாள், விஜி என்று சொல்லவில்லை. விஜி நான்தான். பதினோரு வயது மீனுவின் தாய், தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரின் முதியோர் இல்லத்தில் நர்ஸ், பிரேமாவுக்கு ஒரே தங்கை. அக்கா என்னிடம் பேசுவதில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாராவாரம் பேசினாள். ஆனால் நாலு வருடமாக அவள் பேசிய எந்த வாக்கியத்திலும் நான் கிடையாது. ‘நீ’ கிடையாது, ‘விஜி’ கிடையாது, பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த ‘ஏட்டி’ கிடையாது. என்னை உள்ளே விடாமலே என்னிடம் பேசுகிற வித்தையை அவள் கரைத்துக் குடித்திருந்தாள்.

நாங்கள் இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது. ஊரில் யாரைப் பார்த்தாலும் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்றுதான் கேட்கிறார்கள். குளிர் குளிராகவே இருக்கிறது. சாப்பாடு உருளைக்கிழங்காகவே இருக்கிறது. அதை எழுத ஒரு பக்கம் அதிகம். பத்து வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம் வேறு. ஒரு வாக்கியத்துக்குள் ஆள் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் அது. அதைப் பாதி ஜெர்மனியிலும் மீதி என் அக்காவின் சமையலறையிலும் படித்தேன். அடியும் பட்டேன்.

2

மீனுவின் ‘அது’ பெரியம்மைக்குப் புரியாது. எனக்குப் புரியும். வந்த புதிதில் அதே ‘அது’விடம் மாட்டி முழித்தவள் நான்.

ஜெர்மன் மொழியில் மழை சும்மா பெய்துவிட முடியாது. ‘எஸ்’ என்று ஒரு சொல் உண்டு, நம் ‘அது’ மாதிரி. அது மழை பெய்கிறது. அது பனி கொட்டுகிறது. அது ஏழு மணி ஆகிறது. பக்கத்தில் ரொட்டிக்கடை இருக்கிறதா என்று கேட்க வேண்டுமானால், "இங்கே அது ஒரு ரொட்டிக்கடையைக் கொடுக்கிறதா?" என்று கேட்க வேண்டும். எது கொடுக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது.

மொழி வகுப்பில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் பிரிகிட்டே. பொறுமைக்குப் பெயர் போனவர். வகுப்பில் இருந்த சிரியாக்காரப் பெரியவர் ஒருவர் ஒருநாள் எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக, "இந்த எஸ் என்பது கடவுளா?" என்று கேட்டார்.

"இல்லை. எஸ் என்பது யாருமே இல்லை. ஆனால் வாக்கியத்தில் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது" என்றார் பிரிகிட்டே.

வகுப்பே குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தது. எனக்கு மட்டும் பளிச்சென்று விளங்கிவிட்டது. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் குலசேகரம் பஸ் உள்ளே வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போய் சீட்டில் விழுமே, அதுதான் இந்த எஸ். துண்டு டிக்கெட் எடுக்காது. துண்டுக்கு எந்த ஊருக்கும் போக வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் இடம் இடம்தான், உட்கார்ந்தால் சண்டை வரும். தட்டுத்தடுமாறி இதை நான் ஜெர்மனில் சொல்லி முடித்தபோது பிரிகிட்டே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தங்கள் ஆட்களும் விடுமுறைக்குப் போனால் விடிகாலையில் எழுந்து கடற்கரை நாற்காலிகளில் துண்டு போட்டுவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார்கள் என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

நம் வழக்கம் நேர்மாறு. சீட் காலியாக இருந்தாலும் நம் பஸ் கிளம்பிவிடும். பசிக்கிறது, குளிருகிறது, புரிகிறது. எனக்குப் பசிக்கிறது என்று சொல்லும்போதுகூட அந்தப் பசியை நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக என்மேல் வந்து ஏறுகிறது. ஜெர்மன்காரரோ பசியை வைத்திருக்கிறார், சைக்கிள் வைத்திருப்பது மாதிரி. இதைச் சொல்லிக் கொடுத்தபோது மீனு, "அப்போ தமிழ்ல யாருமே எதுவுமே செய்ய மாட்டாங்களா?" என்று கேட்டாள். அவளைச் சாப்பிடப் போகச் சொன்னேன்.

3

கேள்வி நியாயமானதுதான். நான் வளர்ந்த வீட்டில் யாரும் எதையும் செய்ததே இல்லை. கண்ணாடி டம்ளர் உடைஞ்சு போச்சு. பால் பொங்கிப் போச்சு. அப்பாவின் குடை பஸ்சிலேயே இருந்துட்டு. கணக்குப் பரீட்சையில் எனக்கு மார்க்கு குறைஞ்சு போச்சு. ஆளை வைத்துச் சொன்னால் முதுகில் விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், பொருள்களே நடந்துபோய் விழுந்து உடைந்துகொண்டன. மாவு ஆட்டியாச்சு, துணி துவைச்சாச்சு, பசுவுக்குத் தண்ணி வச்சாச்சு என்றும் தினமும் சத்தம் கேட்கும். அதெல்லாம் யார் செய்தது என்று அந்த நாளில் நான் ஒருதரம்கூட யோசித்ததில்லை.

அரசு அலுவலகமும் அப்படித்தான். வெளிநாட்டுக்கு ஒரு சான்றிதழ் வாங்க நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்துக்கு ஏழெட்டுத் தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் "ஃபைல் மேல போயிருக்கு" என்றார்கள். யார் கொண்டு போனது? போயிருக்கு. எப்போது வரும்? வரும்போது வரும். ஃபைலுக்குக் கால் முளைத்து அது சுற்றுலா போயிருக்கிறது என்றே கொஞ்ச நாளில் நானும் நம்ப ஆரம்பித்தேன்.

ஜெர்மனியில் ஆள் இருப்பார் என்று எதிர்பார்த்து வந்தேன். அலுவலகத்திலிருந்து வந்த முதல் கடிதத்திலேயே, "அது இன்னும் மூன்று காகிதங்கள் குறைகின்றன" என்று எழுதியிருந்தார்கள். அடுத்ததில், "அது கேட்டுக்கொள்ளப்படுகிறது." அடியில் பொடி எழுத்தில், இக்கடிதம் இயந்திரத்தால் தயாரிக்கப்பட்டது, கையெழுத்து இல்லாமலே செல்லும் என்று ஒரு வரி. நம்மவர்கள் சீட்டைக் காலியாகவே விடுகிறார்கள், இவர்கள் துண்டைப் போட்டு மரியாதையாக விடுகிறார்கள். இரண்டு ஊரிலும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு மனிதர் கிடையாது.

4

முதியோர் இல்லத்தில் மட்டும் இந்தப் பாச்சா பலிக்காது. வேலையில் சேர்ந்த முதல் வாரம், அன்றன்றைய குறிப்பில் நான் நம் ஊர் வழக்கப்படி எழுதினேன்: உடம்பு துடைக்கப்பட்டது. கஞ்சி கொடுக்கப்பட்டது. மாத்திரை போயிற்று.

எங்கள் மாடிக்குப் பொறுப்பாளர் ஹைகே. ஆறடி உயரம், சிரிக்காத முகம், உள்ளுக்குள் நல்லவர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"விஜி, அந்தக் கஞ்சி தானாக நடந்து வந்து அம்மையாரின் வாய்க்குள் ஏறிற்றா?"

"இல்லை, நான் கொடுத்தேன்."

"அப்படியானால் அதை எழுது. எழுதவில்லை என்றால் நடக்கவில்லை. யார் என்று இல்லாவிட்டால் எழுதியதாகவே அர்த்தமில்லை."

அன்றிலிருந்து ஒரு ஷிப்டில் நாற்பது இடத்திலாவது என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். நான் குளிப்பாட்டினேன். நான் புரட்டிப் படுக்க வைத்தேன். நான் நகம் வெட்டினேன். பிறந்ததிலிருந்து மொத்தமாகச் சொன்ன ‘நான்’களைவிட ஒரே மாதத்தில் அதிகமாக எழுதியிருப்பேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. செய்த வேலைக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்ததைப் பார்க்க ஒரு மிதப்பு வந்தது. மிதப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தலைக்கும் ஏறிற்று. அப்படி ஏறிய தலையோடுதான் ஊருக்குப் போனேன்.

5

நாலு வருடம் முன்பு மழைக்காலத்தில் எங்கள் அம்மை முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். நாகர்கோவிலில் ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு கட்டிலை விட்டு எழுந்து நடக்க முடியவில்லை. அப்பா போய்ப் பல வருடமாகிறது. அம்மையோடு அந்த வீட்டில் இருந்தது அக்காவும் அத்தானும்தான். அத்தானுக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை, காலையில் போனால் மத்தியானம் சோற்றுக்கு வந்து மறுபடி போய்விடுவார். அக்காவின் மகள் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

மீனுவையும் கூட்டிக்கொண்டு ஒரு மாத லீவில் போய் இறங்கினேன். உடம்பு என்னுடையது, ஏறி வந்த ஆவி ஹைகேயுடையது.

அம்மை சுத்தமாக இருந்தாள். முதுகில் ஒரு புண் கிடையாது. வேறு யாராவது என்றால் அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றியிருப்பார்கள். நான், "எத்தன மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க?" என்று கேட்டேன்.

"அம்மைக்கு வலிக்கும்போ" என்றாள் அக்கா.

இந்தப் பதில் ஹைகேக்குப் போதாதே. மீனுவின் படம் வரைகிற பெரிய தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். நேரம், வேலை, யார், கையெழுத்து என்று நாலு பத்தி. காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை பதினாறு வரிசை. கொண்டுபோய் ஃபிரிட்ஜில் ஒட்டினேன். எட்ட நின்று ரசித்தும் பார்த்தேன், வெட்கக்கேடு.

அக்கா மீன் துண்டுகளுக்கு மஞ்சள் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையோடு எழுந்து வந்து பார்த்தாள்.

"ஏட்டி, இது என்னது?"

"சார்ட்டு அக்கா. எங்க இல்லத்துல எல்லாம் இப்படித்தான். ஆரு எப்ப என்ன செய்தான்னு தெரியணும்லா."

"ஆருக்குத் தெரியணும்?"

"பொதுவா" என்றேன்.

"இந்தக் கட்டத்துல காலத்த ஆறு மணிக்கு நான் என்ன எழுதணும்?"

"உன் பேரு."

"மத்தியானம் ரெண்டு மணிக்கு?"

"உன் பேருதான்."

"நீ பிளைட்டு ஏறின பெறவு?"

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு கையெழுத்துதானே அக்கா, ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

என் அக்கா நாகர்கோவிலில் பி.ஏ. சரித்திரம் படித்தவள். அழகான கையெழுத்துக்குக் கல்லூரியில் பரிசு வாங்கியவள். அவள் மஞ்சள் அப்பிய கட்டைவிரலைத் தூக்கிக் கையெழுத்துப் பத்தியில் முதல் கட்டத்தில் வைத்து அழுத்தினாள். பிறகு இரண்டாவது கட்டத்தில், பிறகு மூன்றாவது கட்டத்தில் என்று பதினாறிலும் அவசரமே படாமல் கைநாட்டு வைத்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு மீன் துண்டுகளிடம் திரும்பிப் போனாள்.

மத்தியானம் சோற்றுக்கு வந்த அத்தான், "கொள்ளாமே, நல்லா இருக்கே! இது என்ன டிசைனு?" என்று கேட்டார். அக்கா குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலையில், "ஏட்டி, காப்பி ஆறுது, குடி" என்ற குரல் வரவில்லை. "காப்பி இருக்கு" என்று வந்தது. மூன்றாம் நாள், "குளிக்க வெந்நி போட்டிருக்கு." கிளம்புகிற அன்றைக்கு, "டாக்சி வந்துட்டு."

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் மனம் கசந்த இரண்டு பேர் இப்படித்தான் காலம் தள்ளுவார்கள். புருசன் பெண்டாட்டி இதிலேயே பிள்ளைகளுக்குக் கல்யாணமும் முடித்துவிடுவார்கள். சோறு எடுத்து வச்சிருக்கு. கதவு பூட்டணும். பேச்சை நிறுத்தினால் ஊர் கேட்கும், ஆளை மட்டும் நிறுத்திக்கொண்டால் வெளியே தெரியாது. ஜெர்மனியில் இதற்கு வழியே இல்லை. இங்கே சண்டை போட்டாலும் முன்னால் ஒரு ‘நீ’ போட்டாக வேண்டும்.

6

நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா எனக்குக் கொடுத்த அறிக்கைகள் இப்படி இருந்தன: "கஞ்சி குடுத்தாச்சு. மருந்து குடுத்தாச்சு. நேத்து கொஞ்சம் இருமல் இருந்துது, இப்ப இல்ல. வேற விசேஷம் ஒண்ணும் இல்ல." ஒரு தகவல் விட்டுப்போகாது, ஒரு ஆளும் உள்ளே வரமாட்டார். ஹைகே கேட்டால் மயங்கியே விழுவார்.

அவள் வாயிலிருந்து ஒரே ஒரு ‘நீ’யைப் பிடுங்க நான் ஆடாத ஆட்டம் இல்லை. காது கேட்காத மாதிரி நடித்தேன். கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டு போய் காமிரா முன்னால் உட்கார்ந்தேன். "முடி கொட்டுற நாடா இருக்கும்" என்று மீனுவிடம் சொன்னாள். கடைசி அஸ்திரமாக, தீயல் குழம்புக்குத் தேங்காயை வறுக்காமல் பச்சையாக அரைத்து விட்டேன் என்று ஒருநாள் அறிவித்தேன். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. நீ ஒரு மனுசியாட்டி என்று இப்போது வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன்.

"தேங்காய வறுக்கணும்னு தெரியாதவங்களும் உலகத்துல உண்டு மோளே" என்றாள் மீனுவிடம்.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் போனை வைக்கும் வரை சிரிப்பு வரும். வைத்த பிறகு அழுகை வரும். எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. அவள் என்னைத் திட்டாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை.

மே மாதக் கடைசியில் அத்தான் கடையிலிருந்து ரகசியமாக என்னைக் கூப்பிட்டார். "விஜி, பிரேமாக்க கூடப் படிச்ச பொண்ணுவ எல்லாம் சேர்ந்து மூணாறு போறாளுவ. படிப்பு முடிஞ்சு இருபத்தஞ்சு வருசமாம். வேன் பேசியாச்சு. இவ வரல்லன்னு சொல்லிட்டா."

"ஏன் அத்தான்?"

"ஏன்னு என்ன கேட்டா? அம்மைய ஆரு பாப்பா? நான் பாக்கேன்னு சொன்னேன். சிரிச்சுட்டுப் போய்ட்டா." பிறகு அவரே, "அவ இந்தக் குலசேகரம் தாண்டி நாலு வருசமாச்சு" என்றார்.

அதே நாலு வருடத்தில் நான் இத்தாலி போனேன், பாரிஸ் போனேன், கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினேன். அக்கா கட்டைவிரல் தூக்கிய பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பியிருந்தாள்.

லீவு எழுதிப் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பாஷையிலேயே அவளிடம் சொன்னேன்: "ஜூன்ல அங்க ஒரு ஆளு வர வாய்ப்பு உண்டு. அம்மைய பாத்துக்க. மூணாறு போறவங்க போகலாம்."

அக்கா வெகுநேரம் அம்மையின் போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தாள். "வர்றவங்க வரலாம். வீடு இங்கதான் இருக்கு" என்றாள்.

7

மீனுவுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். வேன் ஏறுகிற காலையில் அக்கா கதவுநிலைக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். மருந்து அலமாரியில் உண்டு. கஞ்சி ரொம்பக் குழையக் கூடாது. மத்தியானம் மருந்துக்குப் பிறகு அரைமணி நேரம் சாய்ந்து உட்கார வைக்கணும். கதவுநிலை கேட்டுக்கொண்டது, நானும் கேட்டுக்கொண்டேன்.

முதல் நாள் எனக்கு நல்ல தெம்பு. பன்னிரண்டு பேரைப் பார்க்கிறவளுக்கு ஒரு அம்மை எம்மாத்திரம்? ஒன்பது மணிக்குள் துடைத்து, உடுத்தி, கஞ்சி கொடுத்து, மருந்து கொடுத்து முடித்தேன். ஆனால் ஒன்பது மணிக்குப் பிறகு பத்து மணி வந்தது. இல்லத்தில் இரண்டு மணியானால் அடுத்த நர்ஸ் வந்து நிற்பாள். சாவியைக் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடலாம். அத்தான் சோற்றுக்கு வந்துவிட்டு மறுபடி கடைக்குப் போனதும் குலசேகரத்திலும் இரண்டு மணி ஆயிற்று. வாசலைப் பார்த்தேன். ரப்பர் பால் வண்டி ஒன்று போயிற்று. அதைத் தவிர யாரும் வரவில்லை.

அரைமணிக்கொருதரம் அம்மை, "பிரேமா" என்று கூப்பிட்டாள்.

"அக்கா மூணாறு போயிருக்கா அம்மா."

"எதுக்கு?"

"சும்மா பாக்க."

"பாத்துட்டு வரட்டு" என்பாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி, "பிரேமா."

இரண்டாம் நாள் மத்தியானம், உடம்பு துடைக்கிற துவர்த்தைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உறங்கிப்போனேன். கரண்டு போய் ஃபேன் நின்ற பிறகுதான் விழித்தேன். மூன்றாம் நாள் காலையில் அம்மையைப் புரட்டும்போது என் இடுப்பில் ஒரு நரம்பு பிடித்துக்கொண்டது. இல்லத்தில் என்றால் பட்டனை அழுத்தி ஆள் கூப்பிடுவேன். அப்படியே குனிந்த வாக்கில் நின்றுகொண்டு யோசித்தேன்: இந்த வீட்டில் ‘யார்’ என்கிற பத்தியில் எழுத எந்த மணிக்கும் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அந்தப் பெயரைப் பதினாறு தடவை எழுது, எழுதிக் கையெழுத்தும் போடு என்று நான் கேட்டிருக்கிறேன். உனக்கு ஒத்தாசைக்கு யாரும் இல்லை பார் என்று கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு விமானம் ஏறியிருக்கிறேன். அக்கா என்னை அறையாமல் விட்டது அவள் குணம்.

அன்று சாயங்காலம் நாலு மணி வாக்கில் அக்கா போன் செய்தாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம்.

"அங்க எல்லாம் எப்படி இருக்கு?"

"கஞ்சி குடுத்தாச்சு. மருந்து குடுத்தாச்சு. உடம்பு துடைச்சாச்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வருடக்கணக்காக ஒரு நாளைக்கு நாற்பது ‘நான்’ எழுதுகிற கை என்னுடையது. மூன்றே நாளில் என் வாக்கியத்திலிருந்து நானே இறங்கிப் போயிருந்தேன். அடக்கத்தால் இல்லை, களைப்பால். செய்து முடித்ததற்கு மேல் அதில் என்னையும் தூக்கி வைக்க உடம்பில் தெம்பு இல்லை. எங்கள் வீட்டில் இத்தனை வருடம் ‘ஆச்சு, ஆச்சு’ என்று கேட்ட வாக்கியங்களில் யார் களைத்துப்போய் இருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா" என்றேன். "நான் அந்தச் சார்ட்ட ஒட்டினது தப்பு. நீ ஒருத்திதான் எல்லாம் செய்த. வேற ஆரும் செய்யல்ல, நானும் செய்யல்ல. அத உன்னயே எழுதச் சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிரு."

அந்தப் பக்கம் பெண்களின் சத்தம் தள்ளிப் போயிற்று. அக்கா எழுந்து வெளியே நடக்கிறாள் என்று புரிந்தது. காற்றின் இரைச்சல் கேட்டது.

"ஏட்டி, அழுதியா?"

"இல்ல."

"மூக்கு அடைச்சிருக்கு, பொய் சொல்லாத. அம்மைக்க முதுகுல பவுடர் போட்டியா?"

"போட்டேன்."

"நீ சாப்பிட்டியா?"

நான் சாப்பிடவில்லை. அதைச் சொன்னதும் அக்கா திட்ட ஆரம்பித்தாள். சாப்பாட்டில் தொடங்கி, வெட்டின முடி, பச்சைத் தேங்காய்த் தீயல், மீனுவின் தமிழ், கோபுரத்தின் முன்னால் நான் போட்டிருந்த சட்டை என்று ஒன்றையும் விடவில்லை. நாலு வருடமும் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் நினைவில் வைத்திருந்திருக்கிறாள். கால்மணி நேரம் ஆயிற்று. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை சந்தோஷமாக இருந்தது.

திட்டி முடித்ததும் அவள் குரல் இறங்கிற்று. "நேத்து நான் பத்து மணி வர உறங்கினேன்ட்டி. கூட வந்தவளுவ எல்லாம் தேயிலத் தோட்டம் பாக்கப் போனாளுவ. நான் போகல்ல. நான் உறங்கினேன்."

"நல்லதுதானே அக்கா."

"கூட வந்த ரோஸ்மேரிக்கு கொச்சியில வீடு உண்டு. வா வான்னு கூப்பிடுகா. நான் சனிக்கிழம வர அங்க இருந்துட்டு வாறேன்."

"எனக்கு வியாழக்கிழமை டிக்கெட்டு."

"தெரியும். மாத்து" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மாற்றினேன். ஹைகேக்கும் எழுதினேன்: எனக்கு இன்னும் நாலு நாள் லீவு வேண்டும், என் அக்கா ஓய்வெடுக்கிறாள். ஹைகேயிடமிருந்து ஒரு வரி வந்தது: "அவள் நன்றாகத் தூங்கட்டும்."

கட்டிலிலிருந்து அம்மை, "போன்ல ஆரு?" என்று கேட்டாள்.

"அக்கா. சனிக்கிழமைதான் வருவா."

"அது வர எனக்கு ஆரு கஞ்சி தருவா?"

"நான் உண்டும்மா."

அம்மை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ வச்சா உப்பு காணாதே" என்றாள்.

அம்மையைப் போலப் பிரஷர் இருக்கிறவர்களுக்கு உப்பு எவ்வளவு என்பதை இரண்டு நாட்டில் படித்துத் தேறியவள் நான். எழுந்து போய் ராத்திரிக் கஞ்சியில் இன்னொரு சிட்டிகை போட்டேன்.